கால்சட்டைக் கயிற்றில் கிளம்பிய வண்டி

ஈனூக்கி தன் மாமியார் வீட்டில் வாழ வந்து நாலு வருஷம் ஆகிறது. இந்த நாலு வருஷத்தில் அவன் மாமியாரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. மாமியாரும் அவனிடம் பேசியதில்லை. சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். மரியாதை. மருமகனும் மாமியாரும் நேருக்கு நேர் பேசுவதும், முகத்தை நிமிர்ந்து பார்ப்பதும், ஒருவர் பெயரை ஒருவர் சொல்வதும் அந்த உறைகடல் ஓரத்து ஊரில் நல்ல குடும்பத்துக்கு அழகில்லை. சோற்றுக்கு உப்பு வேண்டுமென்றால்கூட நடுவில் டாபித்தா வேண்டும். டாபித்தா அவனுக்குப் பெண்டாட்டி, மாமியாருக்கு மகள், இருவருக்கும் சம்பளமில்லாத தபால்காரி.

"டாபித்தா, அந்த ஆளோட பூட்ஸு அடுப்புப் பக்கம் கிடக்கு. செத்த வால்ரஸ் மாதிரி நாறுது."

"டாபித்தா, இதோ எடுத்துடறேன்னு சொல்லு."

"ரெண்டு பேரும் ஒரே பாயில உக்காந்து ஒரே மீனைத் தின்னுட்டு இருக்கீங்க. நான் எதுக்கு நடுவுல?" என்று டாபித்தா கத்துவாள். அதையும் இருவருக்கும் தனித்தனியாகத்தான் கத்த வேண்டும்.

மாமியார் பெயர் ஆர்னாட்சியாக். ஊரில் அவளுக்குப் பயப்படாத ஜீவன் துருவக்கரடி மட்டும்தான். அதுவும் அவளைப் பார்த்திராத கரடியாக இருக்க வேண்டும். அவளை அதட்டக்கூடிய ஒரே ஆள் வீட்டிலேயே இருந்தது. வயது ஒன்று. ஈனூக்கியின் மகள். ஆர்னாட்சியாக்கின் தகப்பனார் கௌனாக் இறந்து சில மாதங்களில் பிறந்ததால் குழந்தைக்கு அவர் பெயரையே வைத்தார்கள். பெயர் வந்தால் ஆளும் வந்த மாதிரி. ஆகவே ஆர்னாட்சியாக் தன் பேத்தியை "அப்பா" என்றுதான் கூப்பிடுவாள். "அப்பா, மூக்கைச் சிந்துங்க. அப்பா, பூட்ஸைக் கடிக்காதீங்க" என்று வீட்டில் எந்நேரமும் பணிவிடை நடக்கும். கலைமான் மாமிசத்தில் மென்மையான முதல் துண்டு பல் முளைக்காத அப்பாவுக்குத்தான். அப்பா அதைச் சப்பிவிட்டு ஈனூக்கியின் தலையில் தேய்க்கும்.

சிக்கல் இந்த அப்பாவால்தான் வந்தது. மே மாதம் வாத்து முகாம். பனிவாத்துகள் திரும்பி வரும்போது ஊரே வண்டி கட்டிக்கொண்டு கிளம்பிவிடும். போன வருஷம் ஈனூக்கியை மைத்துனன் தன் மோட்டார் பனிவண்டிக்குப் பின்னால், பெண்களோடும் பாத்திரங்களோடும் பெட்டியில் உட்கார வைத்து இழுத்துக்கொண்டு போனான். அந்த அவமானத்தில் ஈனூக்கி ஒரு பழைய பனிவண்டி வாங்கினான். அதன் வயதைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். முகப்புக் கண்ணாடி பனியுகத்தில் உடைந்தது. இருக்கையைக் கடித்த பற்கள் எந்த மிருகத்தினுடையவை என்று இன்றுவரை தெரியவில்லை. இருந்தாலும் சொந்த வண்டி. இந்த வருஷம் பெண்டாட்டியையும் மகளையும் தன் வண்டியில் தானே கூட்டிப்போக வேண்டும். அவன் கேட்டது அவ்வளவுதான்.

ஆர்னாட்சியாக் மகள் வழியாகத் தீர்ப்புச் சொன்னாள்.

"எங்கப்பா பெரிய வேட்டைக்காரரு. அவரைத் தண்ணி லாரி ஓட்டறவன் கையில தூக்கிக் குடுக்க மாட்டேன்னு சொல்லு. மொதல்ல நான் ஏறிப் பாக்கறேன். ஏரிக்குப் போய் மீன் புடிச்சுட்டு வரோம். ஒழுங்கா போயிட்டு ஒழுங்கா வந்தா அப்பா முகாமுக்குப் போகலாம். இல்லைன்னா அந்த ஆளு மட்டும் போயி வாத்துக்குத் தண்ணி ஊத்திட்டு வரட்டும்."

ஈனூக்கி ஊருக்கே லாரியில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றுகிறவன். வெயில் முகத்தில் அடித்தும் அவனுக்குக் காது வரை சில்லென்றது.

சனிக்கிழமை. நடுவில் உட்கார்ந்து பேச்சைக் கடத்த டாபித்தாவும் வருவதாகத்தான் ஏற்பாடு. கிளம்பும் நேரத்தில் அப்பாவுக்குப் பல் முளைக்கிற காய்ச்சல் வந்துவிட்டது. டாபித்தா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"நான் இல்லாம நீங்க ரெண்டு பேரும் எப்படிம்மா பேசிக்குவீங்க?"

"மீன் புடிக்கத்தானே போறோம்," என்றாள் ஆர்னாட்சியாக், பெட்டிக்குள் கலைமான் தோலை விரித்தபடி. "பேச என்ன இருக்கு?"

பனிவண்டிக்குப் பின்னால் நீளமான மரச் சறுக்குவண்டி. அதன்மேல் கட்டிய மரப்பெட்டிக்குள் அவள், மடியில் தன் கெட்டிலோடு. காற்று முகத்தில் அடிக்காதிருக்கவும் மருமகன் முதுகைப் பார்க்காதிருக்கவும் பின்னோக்கித் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். பெட்டிக்கும் பின்னால், சறுக்குவண்டியின் வால் பக்கம், ஈனூக்கியின் கருவிப் பை. ஸ்பானர், மாற்றுக் கயிறு, கையடக்க ரேடியோ, சாப்பாட்டுப் பொட்டலம் எல்லாம் அதற்குள். மற்றவர்கள் கயிறு போட்டு முடிச்சின்மேல் முடிச்சாக இறுக்குவார்கள். ஈனூக்கி கடையில் வாங்கிய ரப்பர் கொக்கிகளை இரண்டு பக்கமும் மாட்டினான். பார்க்கப் பளபளவென்று இருந்தது.

வண்டி பறந்தது. கடற்பனி அன்றைக்கு மேசைத்துணி விரித்ததுபோல் கிடந்தது. ஈனூக்கி தன்னை மறந்தான். சற்று தூரத்தில், எஞ்சின் இரைச்சலுக்கு நடுவே, பின்னாலிருந்து பெட்டியைத் தட்டும் சத்தம் கேட்டது. டம், டம், டம். ஈனூக்கிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நாலு வருஷத்தில் முதல் தடவையாக மாமியார் சந்தோஷமாக இருக்கிறாள், தாளம் போடுகிறாள்! இன்னும் வேகமாக விட்டான். தட்டல் பலமாயிற்று. அவன் பாட ஆரம்பித்தான். அவன் பாடினால் பனிக்கடியில் நீந்தும் சீல் மிருகங்கள் தங்கள் மூச்சுத்துளையை உள்ளிருந்து மூடிக்கொள்ளும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு.

பாதி வழியில் ஒரு பனிமேட்டின் ஓரம் தேநீருக்காக நிறுத்தினார்கள். பனிவண்டிக்கும் சறுக்குவண்டிக்கும் இடையில் காற்றுப் படாத இடத்தில் அவள் அடுப்பை மூட்டி, கெட்டிலை வைத்தாள். அவன் மேற்கே பார்த்துக் குடித்தான். அவள் கிழக்கே பார்த்துக் குடித்தாள். மரியாதையான தேநீர்.

குடித்து முடித்ததும் ஈனூக்கி எழுந்தான். ஒரு காலைத் தூக்கி வண்டியின் மேல் வைத்தான். பார்க்காத மாமியார் பார்த்தால் எப்படி இருக்கும் என்று யோசித்து, தோளை விரித்து, ஸ்டார்ட்டர் கயிற்றின் கைப்பிடியைப் பிடித்து ஒரே இழு இழுத்தான்.

கைப்பிடி கையோடு வந்துவிட்டது. அறுந்த கயிறு, எலி வளைக்குள் ஓடுவதுபோல், சர்ரென்று எஞ்சினுக்குள் ஓடிப்போயிற்று. ஈனூக்கி வானத்தில் பறந்தான் என்று சொன்னால் மிகை. ஆனால் ஒரு காக்கை ஒதுங்கி வழிவிட்டது. மல்லாக்க விழுந்தான்.

முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த ஆர்னாட்சியாக் திரும்பவில்லை. தன் கெட்டிலைப் பார்த்துச் சொன்னாள்:

"கெட்டிலே, ஏதோ விழுந்த சத்தம் கேட்டுச்சு. சீல் தூக்கத்துல புரண்டு படுத்திருக்கும்."

ஈனூக்கிக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவள் தன்னோடு பேசவில்லை, கெட்டிலோடு பேசுகிறாள். கெட்டிலோடு பேசுவதில் மரியாதைக் குறைவு எதுவும் கிடையாது. அவனும் எழுந்து பனியைத் தட்டிவிட்டு, தன் எஞ்சினைப் பார்த்துத் தொண்டையைச் செருமினான்.

"வண்டியே, கயிறுதான் அறுந்துபோச்சு. பயப்பட ஒண்ணும் இல்ல. பையில எல்லாம் இருக்கு. கழட்டி மாட்டினா தீந்துது."

பின்பக்கம் போனான். பை இல்லை. இரண்டு ரப்பர் கொக்கிகள் மட்டும் காற்றில் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஆடின.

"கெட்டிலே," என்றாள் அவள், "அந்தப் பை ரொம்ப முன்னாடியே எறங்கிப் போயிடுச்சே. ஒனக்கு ஞாபகம் இருக்கா? நான் பெட்டிய தட்டு தட்டுன்னு தட்டினேன். தட்டத் தட்ட வண்டி பறந்துச்சு. அப்புறம் யாரோ ஊளையிட்டாங்க."

"வண்டியே... சந்தோஷத்துல தட்டறாங்கன்னுல்ல நெனச்சேன்."

"கெட்டிலே, அறுபத்தஞ்சு வயசு ஆச்சு எனக்கு. சந்தோஷம்னு நான் எந்தப் பெட்டியையும் தட்டினது கெடையாது."

ஈனூக்கியின் முகத்தில் ஈ ஆடவில்லை. ஆட அந்தப் பனியில் ஈ ஏது? மானம் கப்பலேறும் என்பார்கள். கடல் உறைந்து கிடந்ததால் அவன் மானத்துக்கு அந்த வசதியும் இல்லை. அங்கேயே அவன் பக்கத்தில் நின்றது. ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும், "பை விழுந்துடுச்சு" என்று. அந்த ஒரு குரல் கொடுக்க அவளால் முடியாது. அவளுடைய தட்டலைப் புரிந்துகொள்ள அவனால் முடியவில்லை. மரியாதை இருவரையும் பத்திரமாகக் கொண்டுவந்து நடுக்கடலில் நிறுத்தியிருந்தது.

ஸ்டார்ட்டர் கயிறு போனால் வேறு வழி உண்டு. எஞ்சினின் பக்கவாட்டு மூடியைத் திறந்தால் பட்டை ஓடும் பெரிய கிளட்ச் உருளை தெரியும். பம்பரத்துக்குச் சாட்டை சுற்றுவதுபோல அதில் ஒரு கயிற்றைச் சுற்றி, வெடுக்கென்று இழுத்தால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். மைத்துனன் செய்து பார்த்திருக்கிறான். ஆனால் கயிறு வேண்டுமே. வண்டியிழுக்கும் கயிறு கட்டைவிரல் தடிமன், உறைந்து உலக்கையாகக் கிடந்தது. மெல்லிய, உறுதியான கயிறு அவனிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

அதைத் தொட்டுப் பார்த்தான். கையை எடுத்துக்கொண்டான். சுற்றிலும் அடிவானம் வரை பார்த்தான். மறுபடி தொட்டான்.

அது அவன் கால்சட்டைக் கயிறு. அந்தப் பஞ்சு வைத்த கால்சட்டை அவன் அண்ணனுடையது. அண்ணன் உட்கார்ந்தால் தேவாலயத்தில் பெஞ்சு நிறைந்துவிடும். ஜிப் எப்போதோ போய்விட்டது. டாபித்தா நூலை மூன்று புரியாகப் பின்னிக் கொடுத்த கயிறு ஒன்றுதான் அந்தக் கால்சட்டைக்கும் உலகத்துக்கும் இருந்த ஒரே ஒப்பந்தம்.

"வண்டியே," என்று மெல்லிய குரலில் சொன்னான், "இப்ப நான் செய்யப்போறதுக்கு யாரும் திரும்பிப் பாக்காம இருந்தா நல்லா இருக்கும்."

"கெட்டிலே, நாலு வருஷமா நாம திரும்பிப் பாத்ததே இல்லியே."

கயிற்றை உருவினான். கால்சட்டை ஒரு கணம் யோசித்தது. பிறகு இறங்கியது. உள்ளே சிவப்பு நிறக் கம்பளி உள்கால்சட்டை. பின்பக்கம் கிழிந்திருந்த இடத்தில் டாபித்தா, கைக்குக் கிடைத்த துணியை, குழந்தையின் பழைய போர்வையிலிருந்து மஞ்சள் வாத்துக்குஞ்சுப் படம் போட்ட துண்டை, வைத்துத் தைத்திருந்தாள். மேற்கே சாய்ந்த வெயில் அதன்மேல் நன்றாக விழுந்தது. அது மட்டுமா, அவன் நிழலை நீளமாக இழுத்துக்கொண்டுபோய் ஆர்னாட்சியாக்கின் முன்னால் பனியில் திரை கட்டிக் காட்டியது. அவள் திரும்பவேயில்லை. திரும்ப வேண்டியிருக்கவும் இல்லை.

"கெட்டிலே, வெயில் இன்னிக்கு ரொம்ப ஜோர். நிழலுக்குக்கூட இடுப்புல துணி நிக்கல பாரு, எறங்கி எறங்கிப் போகுது."

ஈனூக்கிக்குப் பனி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. ஏப்ரல் மாதத்துப் பனி, ஆள் உயரத் தடிமன். அதற்கும் கொடுப்பினை இல்லை.

கயிற்றை உருளையில் சுற்றினான். விரல் விறைத்துப்போயிருந்தது, எந்தப் பக்கமாகச் சுற்றக் கைக்குச் சௌகரியமோ அந்தப் பக்கமாகச் சுற்றினான். இழுத்தான். எஞ்சின் ஏப்பம் விட்டது. கால்சட்டையை ஏற்றினான். சுற்றினான். இழுத்தான். எஞ்சின் தும்மியது. ஏற்றினான். இப்படியே இழுப்பும் ஏற்றமுமாக எத்தனை தடவை என்று கேட்காதீர்கள். அந்த இடத்தில் பனி ஓரடி உருகிவிட்டது என்று பிறகு ஊரில் சொன்னார்கள். கடைசியில் பட்பட்பட்டென்று எஞ்சின் பிடித்துக்கொண்டது. நீலப் புகை கிளம்பியது. ஈனூக்கிக்குக் கண்ணில் தண்ணீர். கயிற்றை வாயில் கவ்விக்கொண்டு, கால்சட்டையை முழங்காலோடு விட்டுவிட்டு, ஒரே தாவலில் ஏறி உட்கார்ந்தான். ஆர்னாட்சியாக் சத்தம் கேட்டதும் அடுப்பையும் கெட்டிலையும் எடுக்க மறந்து பெட்டிக்குள் ஏறிவிட்டாள். அவன் ஆக்சிலரேட்டரை ஆசையாக அழுத்தினான்.

வண்டி பின்னால் போயிற்று.

அந்தக் காலத்து எஞ்சினுக்கு முன் என்றும் பின் என்றும் பேதம் கிடையாது. எந்தப் பக்கம் சுழற்றிவிட்டாலும் அந்தப் பக்கம் சந்தோஷமாக ஓடும். ஈனூக்கி கயிற்றைத் தலைகீழாகச் சுற்றியிருந்தான். வண்டி பின்வாங்கி, முதலில் அடுப்பின்மேல் ஏறியது. அடுத்து கெட்டில். அடுத்து சறுக்குவண்டியின் மூக்கில் முட்டி, மாமியாரைப் பெட்டியோடு தள்ளிக்கொண்டு வந்த வழியே போயிற்று. பின்னோக்கி உட்கார்ந்திருந்த ஆர்னாட்சியாக்கைப் பொறுத்தவரை, காலையிலிருந்து அன்றைக்கு அப்போதுதான் வண்டி நேராகப் போனது.

ஈனூக்கி தடவித் தடவி எஞ்சினை அணைத்தான். பனியில் அவ்வளவு அமைதி அதற்கு முன் இருந்ததில்லை.

இறங்கிப் பார்த்தான். கெட்டில் அப்பளமாகக் கிடந்தது. மூக்கு மட்டும் ஒரு பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து அவள் அதை வைத்திருந்தாள்.

அப்போதுதான் அவனுக்குக் கோபம் வந்தது. அந்த ஊரில் திருட்டைக்கூட மன்னிப்பார்கள். கோபத்தை மன்னிக்க மாட்டார்கள். பனியோடும் இயந்திரத்தோடும் கோபித்துக்கொள்கிறவன் குழந்தை; குழந்தையின் பின்னால் யாரும் கடற்பனிக்குப் போவதில்லை. அது ஈனூக்கிக்கும் தெரியும். தெரிந்தும், வயிற்றிலிருந்து ஒரு நெருப்பு கிளம்பிக் கால் வழியாக இறங்கிவிட்டது. வண்டியின் விலாவைப் பார்த்து, பல்லைக் கடித்து, வலது காலை ஓங்கினான்.

கால் ஒரு சாண்தான் போயிற்று. முழங்காலைக் கட்டியிருந்த கால்சட்டை அதற்குமேல் விடவில்லை. ஓங்கின வேகம் முழுவதும் அவன்மேலேயே திரும்பி, ஈனூக்கி வண்டியின் முன்னால் இரண்டு முழங்காலும் ஊன்றி விழுந்தான். விழுந்த வாக்கில் கையை நீட்டி வண்டியின் மூடியைப் பிடித்துக்கொண்டான். அப்படியே தலையைக் கவிழ்த்துக்கொண்டு சற்று நேரம் இருந்தான்.

பிறகு எழுந்து, கயிற்றைச் சரியான பக்கமாகச் சுற்றினான். இந்தத் தடவை எஞ்சின் ஒரே இழுப்பில் பிடித்தது. கயிறும் அந்த ஒரே இழுப்பில் மூன்று துண்டாயிற்று.

இனி எங்கே போவது? ஏரிக்கா, வீட்டுக்கா? கேட்க டாபித்தா இல்லை. சொல்லக் கெட்டிலும் இல்லை. அவன் வண்டியைப் பார்த்தபடி நின்றான். பின்னால் ஆர்னாட்சியாக் இறங்கி, அப்பளத்தை எடுத்து, பனியைத் துடைத்து, மடியில் வைத்துக்கொண்டு ஏறிய சத்தம் கேட்டது.

"கெட்டிலே," என்றாள் அவள், "வீட்டுல போய்க் கண்ண மூடணும்னு ஆசைப்படற. சரி."

வீட்டை நோக்கித் திருப்பினான். வழியில் பை கிடந்தது. அதன்மேல் காக்கைகள் மாநாடு போட்டு, சாப்பாட்டுப் பொட்டலத்தைக் காலி செய்துவிட்டு ஸ்பானரை மட்டும் விட்டு வைத்திருந்தன.

ஊரில் சறுக்குவண்டி வந்து நின்றால் அக்கம்பக்கத்தார் பையோடு வந்துவிடுவார்கள். கிடைத்ததைப் பங்கு போடுவது வழக்கம். அன்றைக்கும் வந்து வரிசையாக நின்றார்கள். ஈனூக்கி இறங்கினான். இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"என்னப்பா, வயித்து வலியா?" என்று கேட்டார் எதிர்வீட்டுக்காரர்.

"இல்ல."

"மீன் எங்க?"

ஆர்னாட்சியாக் எதுவும் சொல்லாமல் தட்டையாகிப்போன கெட்டிலை அவர்கள் முன்னால் தூக்கிப் பிடித்துக் காட்டிவிட்டு உள்ளே போனாள். காலிப் பைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

சாயங்காலம் ஊர் ரேடியோ. வீட்டுக்கு வீடு அதுதான் ஓடும். யார் வேண்டுமானாலும் போன் போட்டு எதை வேண்டுமானாலும் சொல்லலாம். பிறந்தநாள் வாழ்த்தும் சொல்லலாம், மருமகனையும் சொல்லலாம். ஆர்னாட்சியாக் சமையலறைச் சுவரில் இருந்த போனை எடுத்தாள். அதே சமையலறையில், தரையில் விரித்த அட்டையில் உட்கார்ந்து உறைந்த மீனைச் செதுக்கிக்கொண்டிருந்த ஈனூக்கி எழுந்து ஓடப் பார்த்தான். குழந்தை அவன் மடியில் ஏறி உட்கார்ந்துவிட்டது. மாமனாரின் ஸ்தானத்துக்கும் மேலான பெரியவரைத் தள்ளிவிட்டு எப்படி ஓடுவது?

அன்றைக்கு நடந்ததை அவள் ஒன்று விடாமல் சொன்னாள். அவள் வாயிலிருந்து ஒரு தடவை, கொஞ்சம் தாமதமாக ரேடியோவிலிருந்து இன்னொரு தடவை. ஒரே வெட்கத்தை அவன் இரண்டு தடவை பட்டான். தட்டினது, பாடினது, கயிறு, நிழல், பின்னால் போனது. ரேடியோக்காரன் ஜைப்பிட்டி சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து விழுந்துவிட்டான் போலிருக்கிறது. பாதிப் பேச்சு மேசைக்கு அடியிலிருந்து வந்தது.

"அத்தே, போதும் அத்தே! அந்த வாத்துக்குஞ்சு என்ன கலரு?"

"நான் பாக்கல. மரியாதை தெரிஞ்சவ நான். மஞ்சள்னு கேள்வி."

பக்கத்து வீட்டுச் சுவர் சிரிப்பில் அதிர்ந்தது. ஈனூக்கியின் தலை மார்புக்குள் புதைந்து, ஏறக்குறைய மறுபக்கம் வந்துவிட்டது.

அப்புறம் அவள் குரல் மாறியது. "சிரிச்சது போதும், ஜைப்பிட்டி. ஒண்ணு சொல்லணும். இவ்வளவு நடந்தும் அந்த ஆளு ஒரு கெட்ட வார்த்தை பேசல. கெட்டில் செத்ததும் என்ன பண்ணினான் தெரியுமா? வண்டி முன்னாடி மண்டி போட்டு, அதைத் தொட்டுட்டு, பேசாம தலைகுனிஞ்சு இருந்தான். கோபமே இல்ல. எத்தனை வேட்டைக்காரன் வண்டிய ஒதைச்சு நான் பாத்திருக்கேன்! அந்த மாதிரி ஆளு கூடத்தான் பனியில போகணும்."

அவள் போனை வைத்தாள். அதற்குப் பிறகு ரேடியோவுக்கு வந்த போன் ஓயவில்லை. ஒருத்தர் பெல்ட் தருகிறேன் என்றார். ஒருத்தர் கெட்டில் தருகிறேன் என்றார். ஒரு கிழவர் தன் பேரனுக்கு அந்தப் பொறுமையைச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டார். டாபித்தா அவன் தோளை இடித்தாள். அவள் முகம் அடுப்பு மாதிரி ஜொலித்தது.

"கேட்டியா? அம்மா ஒன்னப் பத்தி! நாளைக்கே முகாமுக்கு மூட்டை கட்டிடலாம்."

ஈனூக்கி ஒரு துண்டு மீனை வாயில் போட்டுக்கொண்டான். வாத்துக்குஞ்சுக்கு ஊரார் சிரித்தபோது பட்ட வெட்கம் தோலோடு போயிற்று. இந்தப் புகழ்ச்சி எலும்பில் இறங்கியது. வாயிலிருந்த மீன் இறங்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் மகளோடு முகாம், சொந்த வண்டி, பெட்டியில் பாத்திரமாக உட்கார வேண்டாம். அவன் காலுக்கு மட்டும்தான் உண்மை தெரியும். கால் பேசாது. ஆனால் காலைச் சுமந்துகொண்டு நடக்க வேண்டியவன் அவனாயிற்றே.

மடியில் இருந்த குழந்தையைத் தூக்கித் தன் முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டான். ஆர்னாட்சியாக் அட்டையின் மறுமுனையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து மீன்தலையைப் பிளந்துகொண்டிருந்தாள்.

"பெரியவரே," என்றான் குழந்தையிடம். குழந்தை அவன் மூக்கைப் பிடித்தது. மூக்கு அடைத்த குரலிலேயே சொன்னான்: "ஒங்க மக ரேடியோவுல சொன்னது சரியில்ல. நான் மண்டி போடல. வண்டிய ஒதைக்கத்தான் காலத் தூக்கினேன். கால்சட்டை முழங்கால்ல இருந்ததால காலு வரல. விழுந்துட்டேன். கோபம் இருந்துது. வண்டிய ரெண்டா ஒடைக்கற அளவுக்கு இருந்துது. நீங்க என்கூட வர வேணாம்னா வர வேணாம்."

 மாமியாரின் கத்தி மீன் எலும்பில் கிறீச்சிட்டு நின்றது. 

"அப்பா," என்றாள் ஆர்னாட்சியாக், திரும்பாமலே. "நிழலுக்குக் காலு இல்லன்னு அந்த ஆளு நெனச்சானா? ஓங்கினது, தடுக்கினது, விழுந்தது எல்லாம் பனியில எழுதிக் காட்டின மாதிரிப் பாத்தேன்."

ஈனூக்கிக்குக் காதில் விழுந்தது புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"அப்ப ஏம்மா ரேடியோவுல அப்படிச் சொன்னே?" என்று கத்தினாள் டாபித்தா.

"அப்பா, ஒதைச்சவன நான் நெறையப் பாத்திருக்கேன். புகழ்ந்தா அதை வாங்கிப் பைக்குள்ள போட்டுக்கறவனையும் பாத்திருக்கேன். ரெண்டு பேர் கூடவும் ஒங்கள அனுப்ப மாட்டேன். இந்த ஆளு ரெண்டாவது ஆளான்னு பாக்கணும்னு தோணிச்சு. அவ்வளவுதான்."

குழந்தை பெரிதாக ஒரு தும்மல் போட்டது. ஈனூக்கி முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. நாளை காலை தண்ணீர் லாரியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போக வேண்டும். ஒவ்வொரு வாசலிலும் பொறுமைக்காரன் வந்தான் என்று கைகொடுப்பார்கள். ஒவ்வொருவரிடமும் இல்லை என்று சொல்ல வேண்டும். இப்போதே கன்னம் சுட்டது.

"டாபித்தா," என்று மெதுவாகக் கேட்டான், "பெரியவர் முகாமுக்கு வராரான்னு கேளு."

"வராரு," என்றாள் ஆர்னாட்சியாக், டாபித்தா வாயைத் திறக்கும் முன், குழந்தையைப் பார்த்து. மீனின் கன்னத்துச் சதையைக் கிள்ளி எடுத்து, அட்டையின் மேலேயே கையை நீட்டி, ஊட்டினாள். "நானும் வரேன்னு சொல்லுங்கப்பா. அந்த வண்டியோட, அந்தக் கால்சட்டையோட, அந்த ஆளத் தனியா அனுப்ப முடியுமா? பக்கத்துல இருந்து பாக்காம இருக்க ஒரு ஆளு வேணும்ல?"